கொசுறுக் கை

அண்ணாச்சி ஒருவரை வழியனுப்பினால் வாசலோடு நிற்க மாட்டார். வாசலில் ஒரு தடவை 'போயிட்டு வாங்க' சொல்லிவிடுவார். சரி, முடிந்தது என்று நாம் நாலடி வைத்தால் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வருவார். தெருமுனையில் இன்னொரு 'போயிட்டு வாங்க'. தச்சநல்லூரில் அவர் வீட்டு மாடிக்கு நாங்கள் குடிபோன புதிதில் இது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருந்தது. கோயிலில் மூன்று சுற்று முடித்துவிட்டு நாலாவது சுற்றுக்குப் பாதி தூரம் போய்த் திரும்புவார். காபி டம்ளரை நம்மிடம் நீட்டுகிற கடைசி நொடியில் ஒரு விரல்நுனி சர்க்கரை மேலே வந்து விழும்.

மனுஷருக்கு அளவு தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். அளவு அவருக்கு அத்துப்படி. ஊரிலேயே பெயர் சொல்லும்படி பலசரக்குக் கடை வைத்திருந்தவர். தராசில் உளுந்தைப் போட்டால் முள் ஆடாமல் நடுவில் வந்து நிற்குமாம். நிறுத்து முடித்த பிறகு, பொட்டலம் கட்டுவதற்கு முன்னால், கை தன்பாட்டுக்குச் சாக்குக்குள் போய் ஒரு சிட்டிகை அள்ளி மேலே தூவும். அந்தக் கொசுறுக்காகவே நாலு தெரு தள்ளியிருந்து ஆட்கள் வருவார்கள் என்று மதினி சொல்லியிருக்கிறாள். மதினி என்றால் அண்ணாச்சியின் மனைவி. அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டால் அவர் வீட்டுக்காரி நமக்கு மதினிதானே.

நான் போய்ச் சேர்ந்தபோது கடையை அவருடைய தம்பி மகன் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் ஒட்டின பாக்கெட்டாக வருகிற காலம். ஒருநாள் அண்ணாச்சி கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"வாய ஒட்டிக் குடுத்துட்டான் டீச்சர். மேல எங்கன போட?" என்றார் என்னிடம்.

நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். அவருக்கு எல்லோரும் டீச்சர்தான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வீட்டில் ஒரு பாத்திரம் விழுந்தால் அது சட்டியா, குண்டானா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. என் அடுக்களை ஜன்னல் அவர்கள் வீட்டுப் பின்கட்டைப் பார்த்தபடி இருந்தது. அந்த வீட்டை நான் பிடித்துப்போய் எடுத்ததற்கு அந்த ஜன்னலும் ஒரு காரணம்.

அந்தப் பின்கட்டுக்குத்தான் வெந்நீர்த் தொட்டி வந்தது.

மதினி குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது, எக்ஸ்ரே படத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மதினிக்குப் பயம் போகவில்லை. காலை ஊன்றப் பயந்து பயந்து முட்டி இறுகிப்போனது. கட்டிலில் இருந்து நாற்காலிக்கு, நாற்காலியில் இருந்து கட்டிலுக்கு, அவ்வளவுதான் அவளுடைய ஊர்சுற்றல். அதற்கும் அண்ணாச்சி கக்கத்தில் கைகொடுத்துத் தூக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபிப் பெண், வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கினால் வலி தெரியாது, பாரமும் தெரியாது என்றாள். கனடாவில் இருக்கிற மகள் காதில் இது விழுந்தது. அவள் வீட்டுப் பின்னால் அப்படி ஒன்று இருக்கிறதாம். சுற்றிலும் பனி கிடக்க, நடுவில் உட்கார்ந்து வெந்நீரில் குளிப்பார்களாம். உடனே சென்னையில் ஒரு கம்பெனியைப் பிடித்து ஏற்பாடு செய்துவிட்டாள்.

கனடாவில் சரி. திருநெல்வேலி வெயிலில் ஒரு மனுஷி வெந்நீருக்குள் போய் உட்கார வேண்டுமா என்று தெருவே கேட்டது. தொட்டியைப் பார்க்க வந்த பெண்களில் ஒருத்தி, "இதுல ஒரு கல்யாணத்துக்குப் பாயாசம் வைக்கலாம் போலுக்கே" என்றாள். அண்ணாச்சி வந்தவர்களுக்கெல்லாம் காபி கொடுத்து, உடன்குடிக் கருப்பட்டியில் ஒரு துண்டும் கையில் வைத்து, தெருமுனை வரை கொண்டுபோய் விட்டார்.

தொட்டியைப் பொருத்த வந்த ஆட்களோடு அவருக்கு முதல் நாளே ஒரு தகராறு. ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு, ஆற்றுத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்றார். அதற்கு ஒத்துக்கொண்டார்கள். அடுத்து, தண்ணீரில் குளோரின் தூள் போட வேண்டும் என்றார்கள். அண்ணாச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தாமிரபரணித் தண்ணிக்கு மருந்தா? வே, இந்தத் தண்ணியே மருந்துதான் வே!"

அந்த ஆட்களில் மூத்தவர் பொறுமையாகச் சொன்னார். ஒரே தண்ணீர் பல வாரம் சூடாகவே கிடக்கும், அதில் கிருமி பெருகும், ஆபரேஷன் ஆன உடம்புக்கு ஆகாது என்று. 'ஆபரேஷன் ஆன உடம்பு' என்ற வார்த்தை அவரை அடித்துப்போட்டுவிட்டது. அதற்கப்புறம் குளோரின் டப்பா சாமி அலமாரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. தினமும் ஒரு ஸ்பூன் தூள் போட வேண்டும். கொஞ்ச நேரம் மோட்டாரை ஓடவிட்டு, சோதனைத் தாள் ஒன்றைத் தண்ணீரில் முக்கி எடுத்து, சற்றுப் பொறுத்து, டப்பாவில் ஒட்டியிருக்கிற நிறங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இளம் ஊதா என்றால் சரி. கடும் ஊதா என்றால் மருந்து அதிகம். வெள்ளை என்றால் மருந்தே இல்லை.

ஆரம்பத்தில் எல்லாம் அருமையாகப் போனது. மதினியை அண்ணாச்சியும் பிசியோதெரபிப் பெண்ணும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கிவிடுவார்கள். தண்ணீருக்குள் போனதும் மதினியின் முகம் மாறிவிடும். காலை நீட்டுவாள், மடக்குவாள், குழந்தை மாதிரி தண்ணீரை உதைத்து அண்ணாச்சி மேல் தெளிப்பாள். ஒருநாள் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்து நின்றாள். நான் ஜன்னலில் இருந்து கைதட்டிவிட்டேன். அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். மறுநாள் தொட்டிக்கு மேலே பச்சை வலை கட்டியாகிவிட்டது. என் கண்ணுக்குக் கட்டிய வலை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வலையில் ஓரமாக ஒரு கிழிசல் இருந்தது.

கொஞ்ச நாளில் என் அடுக்களைக்கு ஒரு வாடை ஏற ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவைக் கழுவிவிட்ட வாடை. மதினியின் அரக்கு நைட்டி நெஞ்சுக்குக் கீழே ஆரஞ்சு நிறமானது. அண்ணாச்சியின் வேட்டிக் கரை ஒரு பக்கம் மட்டும் வெளுத்துப் போனது. மதினி கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். கண் இரண்டும் மிளகாய் பட்ட மாதிரி சிவந்திருந்தது.

"எரியுதுங்க. உடம்பெல்லாம் எரியுது."

"கிருமியா இருக்கும். மருந்து பத்தல."

அவர் சொன்னதற்கு ஆதாரமும் இருந்தது. தாளை முக்கிப் பார்த்தால் வெள்ளை. பால் வெள்ளை. மகளிடம் வீடியோவில் காட்டினார். அவளும், "வெள்ளைன்னா மருந்து இல்லைன்னு அர்த்தம்ப்பா, போடுங்க" என்றாள். அவர் போட்டார். எரிச்சல் கூடியது. தாள் வெள்ளையாகவே இருந்தது. இன்னும் போட்டார். போடப் போட எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு ஒன்றுமே தெரியாத மாதிரி கிடந்தது அந்தத் தண்ணீர். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இவ்வளவு தூளும் எங்கே போகிறது?

ஒரு காலையில் மதினி நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "நான் இனிமே அதுல எறங்க மாட்டேன்" என்றுவிட்டாள். அண்ணாச்சி கெஞ்சினார். மகள் போனில் திட்டினாள். மதினி அசையவில்லை. பிசியோதெரபிப் பெண் அண்ணாச்சியை வாசலுக்குக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னது மாடிப்படியில் நின்ற எனக்கும் கேட்டது. இப்போதுதான் முட்டி இளகிவருகிறது, இந்த நேரத்தில் விட்டால் திரும்பவும் இறுகிவிடும், அப்புறம் நடப்பது கஷ்டம் என்றாள். அன்றைக்கு அவளை வழியனுப்ப அண்ணாச்சி தெருமுனைக்குப் போகவில்லை. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

நான் கீழே இறங்கிப் போனேன். உதவி செய்யப் போனேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அந்தத் தூள் எங்கே போகிறது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

"அண்ணாச்சி, ஒரு தாள் குடுங்க. நானும் பாக்கேன்."

கொடுத்தார். கூடவே இன்னொன்றும் கொடுத்தார். வாங்கித் தண்ணீரில் முக்கினேன். முக்கி எடுத்து, பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்பது விதி. அவர் விதிப்படி தாளை எடுத்து விளிம்பில் வைத்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அவ்வளவு பொறுமை ஏது? தண்ணீருக்குள் போகும்போதே தாளைக் குனிந்து பார்த்தேன். பட்ட உடனே அந்தச் சின்னக் கட்டம் கத்தரிப்பூ நிறத்தில் பளிச்சென்று வந்தது. கண்ணை இமைப்பதற்குள் வெளுத்துப் போய்விட்டது.

இரண்டாவது தாளை அவரையும் பார்க்கச் சொல்லி முக்கினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். நிறம் வந்தது, போனது.

"எங்க போச்சு?" என்றார்.

"மதினி நைட்டி எப்படி வெளுத்துச்சோ, அப்படித்தான் தாளும் வெளுத்துருக்கு. மருந்து இல்லாம வெள்ளையா இல்ல அண்ணாச்சி. மருந்து கூடிப்போய் நிறத்தையே தின்னுட்டு."

அவர் நம்பவில்லை. அடுக்களையில் இருந்து ஒரு குண்டான் நிறைய குடிதண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அதில் தொட்டித் தண்ணீரை ஒரே ஒரு கரண்டி கலந்து, தாளை முக்கினேன். கடும் ஊதா. அப்படியே நின்றது. ஒரு கரண்டித் தண்ணீர் ஒரு குண்டானையே இப்படி ஆக்கினால் தொட்டிக்குள் என்ன இருந்திருக்கும்? அதற்குள்தான் மதினி உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி குண்டானையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு ஸ்பூன்தான போட்டேன் டீச்சர். வெள்ளையா இருக்குன்னுதான் அப்புறம் சேத்தேன். மொதல்ல எல்லாம் ஒரே ஒரு ஸ்பூன்தான்."

ஒரு ஸ்பூனில் இது ஆரம்பித்திருக்காது. வலைக் கிழிசல் வழியாக நான் பார்த்திருக்கிறேனே. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உப்பு ஜாடியைக் கொண்டுவந்து, பேசினில் தண்ணீர் வைத்து, மருந்து போடுகிற மாதிரி ஒரு ஸ்பூன் போட்டுக் காட்டச் சொன்னேன். ஸ்பூனில் உப்பை எடுத்தார். ஆள்காட்டி விரலால் மேலே வழித்து மட்டம் பார்த்தார். ஒரு கல் உப்பு கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. தண்ணீரில் தட்டினார். ஸ்பூனைக் கீழே வைத்தார். வைத்த கை சும்மா வரவில்லை. ஜாடிக்குள் போய் மூன்று விரலால் அள்ளி மேலே தூவிவிட்டு வந்தது.

"பாத்தியளா?" என்றேன்.

"என்னத்த?"

நிஜமாகவே தெரியவில்லை அவருக்கு. மதினி உள்ளே நாற்காலியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "திரும்பவும் போடுங்க. இப்பம் உங்க கையப் பாருங்க" என்றாள். திரும்பவும் போட்டார். மட்டமாக ஒரு ஸ்பூன். அப்புறம் கை ஜாடிக்குப் போனபோது பாதியிலேயே நின்றுவிட்டது. விரல் மூன்றும் உப்பைப் பிடித்தபடி இருந்தன. யாரோ வேற்று ஆளுடைய கையைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஊரெல்லாம் வாழ்த்திய கை அது.

அதற்கப்புறம் செய்ய வேண்டியதெல்லாம் எளிமையாகத்தான் இருந்தது. மருந்தை நிறுத்தினோம். தொட்டியின் மூடியை எடுத்துவிட்டோம். வெயில் பட்டால் குளோரின் குறையும் என்று தொட்டிக் கம்பெனிக்காரர் போனில் சொன்னார். அதனால் பச்சை வலையும் போயிற்று. என் ஜன்னலுக்கு விடுதலை. பாதித் தண்ணீரைத் திறந்துவிட்டோம். அதையும் வீணாக்க மனசில்லாமல் முருங்கைக்குப் பாய்ச்சலாமா என்று கேட்டார். முருங்கை என்ன பாவம் செய்தது என்று நான் தடுத்தேன். புதுத் தண்ணீர் பிடித்து, மோட்டாரை ஓடவிட்டு, நம்ம ஊர் வெயிலிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருந்தோம். வாடை முதலில் போனது. தாளில் கடும் ஊதா வந்து நின்றது. அது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இளம் ஊதாவுக்கு வந்தது.

ஆனால் மதினி வரவில்லை. தாளின் நிறத்தைக் காட்டியபோது, "முந்தியும் தாளத்தான காட்டுனிய" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலையில் ஜன்னலைத் திறந்தால் தொட்டிக்குள் அண்ணாச்சி. வேட்டியும் பனியனுமாக, கழுத்தளவு தண்ணீரில், பூஜையில் உட்கார்ந்த மாதிரி கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். வெந்நீர் என்றாலே ஆகாதவர். மார்கழியிலும் ஆற்றில் முங்கி எழுகிறவர்.

"என்ன அண்ணாச்சி, உங்களுக்கும் முட்டி வலியா?"

"இல்ல டீச்சர். அவ உடம்புல படுததுக்கு முன்னாடி என் உடம்புல படட்டும்."

தினமும் உட்கார்ந்தார். வெளியே வந்து கையையும் முதுகையும் மதினியிடம் காட்டுவார். சிவந்திருக்கிறதா என்று அவள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவளும் பார்ப்பாள். 'ஒண்ணுமில்ல' என்பாள். ஒருநாள் முதுகில் ஒரு சின்னப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விசாரித்தாள். கொசுக்கடி என்று முடிவானது.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. அண்ணாச்சிக்குத் தன் கை மேலேயே நம்பிக்கை போய்விட்டது. மருந்து டப்பாவைத் திறக்கவே பயந்தார். ஸ்பூனில் எடுப்பார், பாதியைத் திரும்பக் கொட்டுவார், மீதியிலும் கொஞ்சம் உதறிவிடுவார். தண்ணீர் கலங்கி நாறியது. தொட்டி ஓரத்தில் பாசி மாதிரி வழுவழுப்பு ஏறியது. இந்தத் தடவை தாள் வெளுத்துக் கிடந்தது. ஆரம்பத்தில் இருந்து முடிவு வரை நான் கண்கொட்டாமல் பார்த்தேன், உண்மையாகவே வெள்ளைதான். தொட்டியைத் திரும்பவும் வடித்துத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டியதாயிற்று.

தண்ணீர் நிரம்பிய அன்றைக்கு அண்ணாச்சி டப்பாவையும் ஸ்பூனையும் கையில் வைத்துக்கொண்டு தொட்டி ஓரத்தில் நின்றார். போடவுமில்லை, வைக்கவுமில்லை. அப்படியே நின்றார். பின்வாசல் நாற்காலியில் இருந்த மதினிக்குப் பொறுமை போய்விட்டது.

"கூடப் போட்டு எரிச்சிய. கொறச்சுப் போட்டு நாறடிச்சிய. இங்கன கொண்டாங்க."

"நீ எப்படிளா போடுவ? தொட்டிகிட்ட வந்துதான போடணும்."

"அப்பம் வாரேன்."

நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணாச்சி தூக்கிவிட ஓடினார். மதினி கையைக் காட்டி நிறுத்தினாள். "நீங்க அங்கனயே நில்லுங்க. அந்தக் கையப் பொறத்தால கட்டிக்கிடுங்க." அவர் டப்பாவைத் தொட்டி விளிம்பில் வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

மதினி நாற்காலிக் கையை அழுத்திப் பைய எழுந்தாள். சுவரைப் பிடித்தாள். சுவர் முடிகிற இடம் வந்ததும் நின்றாள். அங்கிருந்து தொட்டி வரை பிடிக்க ஒன்றுமில்லை. வெறும் சிமெண்ட் தரை. அவள் தரையைப் பார்த்தாள். அண்ணாச்சி அவள் காலையே பார்த்தார். எனக்கு இறங்கி ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. படிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மதினி சுவரை விட்டாள். ஆபரேஷன் ஆன காலை எடுத்து வைத்தாள். அடுத்த காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தாள். அப்படியே காலைச் சேர்த்துச் சேர்த்து வைத்து, புருவத்தை நெரித்துக்கொண்டு, தொட்டியின் விளிம்பைப் போய்ப் பிடித்துவிட்டாள்.

யாரும் கைதட்டவில்லை.

ஒரு ஸ்பூன் எடுத்தாள். விரலால் வழித்தாள். போட்டாள். டப்பாவை இறுக்கி மூடினாள். மோட்டார் ஓடி மருந்து கலந்து முடிகிற வரைக்கும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, தொட்டியைக் காவல் காக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சியும் கட்டிய கையை அவிழ்க்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். பிறகு நான் போய்த் தாளை முக்கினேன். முக்கின நொடியில் இருந்து பார்த்தேன். இளம் ஊதா வந்தது. வந்து, நின்றது.

மதினி எழுந்து, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தொட்டியின் படியில் ஏறினாள். தண்ணீரைப் பார்த்தாள். பிறகு அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னத்துக்கு மரம் மாதிரி நிக்கிய? எறங்கணும்லா. ஒரு கையக் குடுங்க."

அவர் ஓடிவந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"ஒண்ணு போதும்" என்று சொல்லிக்கொண்டே மதினி இரண்டையும் பிடித்துக்கொண்டு காலைத் தண்ணீருக்குள் வைத்தாள்.